உடலை வாங்க மறுக்கும் உறவினர்கள்: மருத்துவக் கவனக்குறைவு மரணங்களும் விசாரிக்கும் கடமையும்

முன்னுரை

நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி ஒன்று உண்டு. பிரசவத்துக்கோ சிறு அறுவைச் சிகிச்சைக்கோ சேர்க்கப்பட்டவர் இறந்துவிடுகிறார். தவறான சிகிச்சையே காரணம் என்று சொல்லி உறவினர்கள் உடலை வாங்க மறுக்கிறார்கள். மருத்துவமனை வாசலில் சாலை மறியல் நடக்கிறது. தாசில்தாரும் டி.எஸ்.பி.யும் வந்து பேச்சுவார்த்தை நடத்துகிறார்கள். 'உரிய விசாரணை நடத்தப்படும்' என்ற உறுதிமொழியின் பேரில் மாலையில் உடல் ஒப்படைக்கப்படுகிறது. செய்தி அத்துடன் முடிந்துவிடும். விசாரணை நடந்ததா, என்ன தெரியவந்தது என்ற அடுத்த செய்தியைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

உடலை வாங்க மறுப்பதைப் பிடிவாதம் என்றும் பேரம் என்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உடலை எரித்துவிட்டால் சாட்சியமும் சாம்பலாகிவிடும் என்பது சட்டம் படிக்காத குடும்பத்துக்கும் தெரியும். வேறு பிடிமானம் இல்லாதவர்கள் அந்த உடலையே பிடிமானமாகக் கொண்டு அரசிடம் ஒன்றைக் கேட்கிறார்கள்: என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடித் தருவது அரசு காட்டும் சலுகை இல்லை. உயிர் வாழும் உரிமையிலிருந்தே பிறக்கும் கடமை அது. மருத்துவரைத் தண்டிப்பது ஒன்று, குடும்பத்துக்கு இழப்பீடு தருவது இன்னொன்று, நடந்ததைக் கண்டறிவது மூன்றாவது ஒன்று. இந்தியச் சட்டம் முதல் இரண்டுக்கும் வழி வைத்திருக்கிறது. மூன்றாவதற்கென்று வழி வைக்கவில்லை. இதுவே இக்கட்டுரையின் வாதம். பன்னாட்டுச் சட்டமும் அயல்நாட்டுத் தீர்ப்புகளும் இக்கடமையை எப்படி வகுத்திருக்கின்றன என்பதை முதலில் பார்த்துவிட்டு, இந்திய நிலைமைக்கும் அதைச் சீர்செய்யும் வழிகளுக்கும் வருவோம்.

1. சொற்களின் எல்லை

1.1 கவனக்குறைவு

சிகிச்சை பலிக்காமல் போவது கவனக்குறைவு ஆகாது. தேர்ந்த கையிலும் நோயாளி இறக்கலாம். மருத்துவருக்கு ஒரு கடமை இருந்தது, அதிலிருந்து அவர் வழுவினார், அந்த வழுவலால் தீங்கு நேர்ந்தது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் சட்டத்தின் கண்ணில் கவனக்குறைவு. வழுவலை அளக்க 1957இல் இங்கிலாந்தில் பிறந்த 'போலம்' அளவுகோலை இந்திய நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டுள்ளன. அதே துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்தச் சூழலில் செய்யக்கூடியதைச் செய்தாரா என்பதே அதன் கேள்வி.

1.2 மூன்று வகை மரணங்கள்

ஆய்வு வசதிக்காக இம்மரணங்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை, தனி மனிதரின் பிழை: மருந்தின் அளவு மாறியது, ஒவ்வாமையைக் கேட்காமல் ஊசி போட்டது. இரண்டாம் வகை, அமைப்பின் கோளாறு: ஆக்சிஜன் இல்லை, ரத்தம் இல்லை, இரவில் மயக்க மருந்து நிபுணர் இல்லை. மூன்றாம் வகை, மறுப்பு: முன்பணம் கட்டாததால் சேர்க்கவில்லை, படுக்கை இல்லை என்று வேறிடம் அனுப்பினார்கள். முதல் வகையில் ஒருவரைச் சுட்ட முடியும். மற்ற இரண்டிலும் விரல் யாரை நோக்கி நீள வேண்டும் என்பதே விசாரித்தால்தான் தெரியும்.

1.3 விசாரணை

தமிழில் இந்த ஒரு சொல் பல வேலைகளைச் செய்கிறது. துறை விசாரணை, போலீஸ் விசாரணை, பிரேத விசாரணை, நீதிமன்ற விசாரணை எல்லாமே நமக்கு விசாரணைதான். வாசலில் தாசில்தார் தரும் உறுதிமொழி இவற்றில் எதைக் குறிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. குடும்பம் உண்மையை எதிர்பார்க்கிறது. அதிகாரி ஒரு கோப்பை நினைக்கிறார். இக்கட்டுரையில் விசாரணை என்பது மரணத்தின் காரணத்தையும் அதற்கு இட்டுச்சென்ற நிகழ்வுகளையும் சார்பின்றிக் கண்டறியும் முயற்சியைக் குறிக்கும்.

2. கடமையின் வேர்கள்

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 6ஆவது உறுப்பு உயிர் வாழும் உரிமையைக் காக்கிறது. இந்தியா 1979 ஏப்ரலில் இதில் இணைந்தது. உயிரைப் பறிக்காமல் இருப்பது மட்டும் அரசின் கடமை என்று முன்பு கருதப்பட்டது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2018இல் ஏற்ற 36ஆவது பொதுக் கருத்துரை உயிரைக் காப்பதையும், சட்டத்துக்குப் புறம்பாகப் பறிபோயிருக்கக்கூடிய உயிர்களைப் பற்றி விசாரிப்பதையும் சேர்த்தே கடமையாக வைக்கிறது. அந்த விசாரணை சார்பற்றதாகவும் விரைவானதாகவும் முழுமையானதாகவும் நம்பத்தக்கதாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்கிறது.

நலவாழ்வு உரிமையிலும் இதற்கு ஒரு வேர் உண்டு. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 14ஆவது பொதுக் கருத்துரை மருத்துவச் சேவைக்கு நான்கு இலக்கணங்கள் சொல்கிறது: இருக்க வேண்டும், எட்ட வேண்டும், ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும், தரமாக இருக்க வேண்டும். தரம் குறைந்ததால் ஓர் உயிர் போனதா என்று பார்க்காத அரசு, தரத்தைக் காக்கிறேன் என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு இதே பொருளில் வளர்ந்திருக்கிறது. 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. இடமில்லை என்றது ஒன்று, கருவி இல்லை என்றது இன்னொன்று. கடைசியில் தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவழித்து அவர் பிழைத்தார். அவர் சார்ந்திருந்த பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி தொடுத்த வழக்கில், உரிய நேரத்தில் சிகிச்சை தராதது 21ஆவது பிரிவை மீறிய செயல் என்று 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணமில்லை என்ற சாக்கையும் ஏற்கவில்லை. அவர் பிழைத்துச் சொன்னதால் வழக்கு பிறந்தது. பிழைக்காதவருக்காகச் சொல்ல வேண்டியது யார் என்பதே நம் கேள்வி.

3. ஐரோப்பிய நீதிமன்றம் வகுத்த பாதை

இக்கடமையை மிக நுணுக்கமாக வளர்த்தெடுத்தது ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். நான்கு தீர்ப்புகள் போதும், பாதை தெளிவாகும்.

3.1 இத்தாலி, 2002

பிறந்து இரண்டு நாளில் ஒரு குழந்தை இறந்தது. மருத்துவர் மீதான குற்ற வழக்கு இழுத்தடித்துக் காலாவதியானது. பெற்றோர் காப்பீட்டு நிறுவனத்துடன் சமரசம் செய்துகொண்டிருந்ததால், உரிமை மீறப்படவில்லை என்று நீதிமன்றத்தின் பேரமர்வு முடிவு செய்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு நட்ட இரண்டு தூண்கள் இன்றும் நிற்கின்றன. அரசு மருத்துவமனையோ தனியாரோ, நோயாளியின் உயிரைக் காக்கும் ஏற்பாடுகளைச் செய்யும்படி அரசு விதி வகுக்க வேண்டும். மரணத்தின் காரணத்தைக் கண்டறிந்து பொறுப்பானவர்களைப் பதில் சொல்ல வைக்கும் திறமுள்ள, சார்பற்ற நீதி அமைப்பு இருக்க வேண்டும். வேண்டுமென்றே செய்யாத பிழைக்குச் சிறைதான் விடை என்று கட்டாயமில்லை. உரிமையியல் வழியும் போதுமானதாக இருக்கலாம்.

3.2 ஸ்லோவேனியா, 2009

அரிப்பும் குமட்டலும் என்று 1993 மே மாதம் மருத்துவமனைக்குப் போன 20 வயது மாணவருக்கு ஊசி போடப்பட்டது. ஒவ்வாமையால் உடல்நிலை சரிந்து அதே மாதம் அவர் இறந்தார். பெற்றோர் தொடுத்த உரிமையியல் வழக்கு 13 ஆண்டுகள் நீண்டது. ஆறு நீதிபதிகளாவது மாறினார்கள். அவர் இறந்தபோது ஸ்லோவேனியா ஐரோப்பிய உடன்படிக்கையில் சேர்ந்திருக்கவே இல்லை. அப்படியானால் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா? பேரமர்வு தந்த விடைதான் இக்கட்டுரைக்கு ஆணிவேர்: விசாரிக்கும் கடமை, உயிரைக் காக்கும் கடமையின் வால் இல்லை. அது தனித்து நிற்கும் கடமை. மரணத்துக்கு அரசு பொறுப்பா இல்லையா என்பது ஒருபுறம் இருக்க, விசாரிக்காமல் விட்டதே உரிமை மீறல் ஆகிறது.

3.3 துருக்கி, 2013

நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி ஒருவர் 2000ஆம் ஆண்டு மார்ச்சில் இஸ்மீர் நகரில் மருத்துவமனை மருத்துவமனையாக அலைக்கழிக்கப்பட்டார். வயிற்றில் குழந்தை இறந்துவிட்டது, உடனே அறுவை வேண்டும் என்று தெரிந்த பிறகும் முன்பணம் கேட்கப்பட்டது. கணவரிடம் பணமில்லை. வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர் போகும் வழியிலேயே இறந்தார். உயிரைக் காக்கவும் அரசு தவறியது, உரியபடி விசாரிக்கவும் தவறியது என்று நீதிமன்றம் சொன்னது.

3.4 போர்த்துக்கல், 2017

மூக்கில் வளர்ந்த சதையை அகற்ற 1997 நவம்பரில் அறுவை செய்துகொண்டவர், மூளை உறை அழற்சியும் அடுத்தடுத்த சிக்கல்களுமாக 1998 மார்ச்சில் இறந்தார். அவர் மனைவி ஏறாத படியில்லை: துறை விசாரணை, மருத்துவர் சங்கத்தின் ஒழுங்கு விசாரணை, குற்ற வழக்கு, இழப்பீட்டு வழக்கு. இழப்பீட்டு வழக்கு மட்டும் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. வெறும் மருத்துவப் பிழைக்காக அரசு உயிர் வாழும் உரிமையைப் பறித்தது என்று சொல்ல முடியாது என்று பேரமர்வு வரம்பு கட்டியது. அவசரச் சிகிச்சையைத் தெரிந்தே மறுத்தால், அல்லது அமைப்பின் கோளாறு அப்படி மறுத்ததற்குச் சமமானால்தான் அரசு அந்தப் பொறுப்புக்கு ஆளாகும். ஆனால் விசாரிக்கும் கடமையில் இந்தத் தளர்வைக் காட்டவில்லை. நான்கு கதவுகளைத் தட்டியும் அந்தப் பெண்ணுக்கு உரிய காலத்தில் தெளிவான விடை கிடைக்காதது உரிமை மீறலே என்று அறிவித்தது.

இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு போக்கு தெரிகிறது. மருத்துவப் பிழையை அரசின் தலையில் சுமத்துவதில் நீதிமன்றம் தயங்குகிறது. பிழையைக் கண்டறிய மறுப்பதை மன்னிக்க அது தயாராக இல்லை.

4. அமெரிக்கக் கண்டத்தின் குரல்

ஈக்வடாரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் 1987இல் மூளை உறை அழற்சியால் இளம்பெண் ஒருவர் இறந்தார். பெற்றோர் தாங்களே ஆண்டுக்கணக்கில் அலைந்து வழக்கை நகர்த்தினார்கள். 2007இல் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம், உண்மையைத் தேடுவது அரசு தானாகவே தொடங்க வேண்டிய சட்டக் கடமை, அதைக் குடும்பத்தின் முயற்சிக்கு விட்டுவிடக் கூடாது என்றது.

பிரேசில் வழக்கு இன்னும் வலி நிறைந்தது. ஆறு மாதக் கர்ப்பிணியான 28 வயதுக் கறுப்பினப் பெண், 2002 நவம்பரில் ரியோவை அடுத்த ஊரில் தனியார் சுகாதார மையத்துக்குப் போனார். குழந்தை இறந்திருந்தது, பின்னர் ரத்தப்போக்கு தொடங்கியது. வேறு மருத்துவமனைக்கு மாற்ற ஆம்புலன்ஸுக்காக எட்டு மணி நேரம் காத்திருந்தார். அங்கே படுக்கை இல்லை. நடைக்கூடத்தில் 21 மணி நேரம் கவனிப்பாரற்றுக் கிடந்து இறந்தார். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2011இல் இரண்டு செய்திகளைச் சொன்னது. சேவையைத் தனியாரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பை ஒப்படைக்க முடியாது. வழக்கு ஆண்டுக்கணக்கில் தேங்கியதே தனியான மீறல். காப்பீட்டு அட்டையைக் காட்டித் தனியார் மருத்துவமனைகளில் அரசுச் செலவில் சிகிச்சை பெறும் நம் குடும்பங்களுக்கு முதல் செய்தி நேரடியாகப் பொருந்தும்.

5. நல்ல விசாரணையின் இலக்கணம்

மேற்கண்ட தீர்ப்புகளையும், ஐயத்துக்குரிய மரணங்களை விசாரிக்க ஐ.நா. வகுத்து 2016இல் திருத்திய மினசோட்டா நெறிமுறையையும் சேர்த்து ஐந்து இலக்கணங்களைத் தொகுக்கலாம்.

முதலாவது, தானே தொடங்குதல். புகார் எழுதத் தெரிந்தவர் வீட்டு மரணம் மட்டும் விசாரிக்கப்பட்டால் அது உரிமையாகாது.

இரண்டாவது, சார்பின்மை. ஆள் வேறாக இருந்தால் மட்டும் போதாது. தொழில் உறவும் அறுந்திருக்க வேண்டும். குரோவேஷியா தொடர்பான 2012ஆம் ஆண்டு வழக்கில், கருத்துச் சொன்ன நிபுணர்கள் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உடன்பணியாளர்களாக இருந்ததை ஐரோப்பிய நீதிமன்றம் குறையாகக் கண்டது.

மூன்றாவது, விரைவு. மருத்துவமனையில் சாட்சியம் மிக விரைவில் அழியும். ஏற்றிய ரத்தப் பை, உடைத்த மருந்துக் குப்பி, பாதி ஓடிய சலைன் பாட்டில் எல்லாம் அன்றே கழிவுக் கூடைக்குப் போய்விடும். 2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தப் பை போன்றவற்றைப் பொதுவாக 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. எல்லாரும் விதியைப் பின்பற்றினாலே மூன்றாம் நாள் சாட்சியம் இருக்காது.

நான்காவது, முழுமை. கத்தி பிடித்த கையோடு நின்றுவிடாமல் பணிப்பட்டியல், மருந்து இருப்பு, கருவிகளின் பராமரிப்பு, முந்தைய புகார்கள் வரை செல்ல வேண்டும்.

ஐந்தாவது, குடும்பத்தின் பங்கு. கேஸ் ஷீட்டைப் பார்க்கவும், கேள்வி கேட்கவும், முடிவைப் புரியும் மொழியில் பெறவும் குடும்பத்துக்கு உரிமை வேண்டும். நோயாளி கடைசியாக என்ன சொன்னார், நர்ஸை எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

6. இந்திய நிலைமை

6.1 காலியான சிலிண்டர்

இந்தியச் சட்டத்தின் போக்கைத் தீர்மானித்தது உச்ச நீதிமன்றத்தின் 2005 ஆகஸ்ட் 5 தீர்ப்பு. தலைமை நீதிபதி ஆர்.சி. லஹோட்டி தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு வழங்கியது. 1995 பிப்ரவரி 22 இரவு, லூதியானாவில் ஒரு மருத்துவமனையில் முதியவர் ஒருவருக்கு மூச்சுத் திணறியது. குடும்பத்தின் புகார் இப்படிச் செல்கிறது: 20, 25 நிமிடம் மருத்துவர் யாரும் வரவில்லை. வந்த பிறகு ஆக்சிஜன் சிலிண்டரைப் பொருத்தினார்கள்; திணறல் கூடியது. பார்த்தால் சிலிண்டர் காலி. மகன் பக்கத்து அறைக்கு ஓடி வேறொன்றைத் தூக்கி வந்தார். அதை இயக்க ஏற்பாடு இல்லை. அதற்குள் ஐந்து, ஏழு நிமிடம் போயிற்று, உயிரும் போயிற்று.

மருத்துவர்கள் மீதான குற்ற வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மருத்துவரைச் சிறைக்கு அனுப்பச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும் என்றது. தனிநபர் புகாருக்கு இன்னொரு தகுதியான மருத்துவரின் கருத்து ஆதாரமாக வேண்டும். புலனாய்வு அதிகாரி சார்பற்ற மருத்துவக் கருத்தை, முடிந்தவரை அரசுப் பணியில் உள்ள மருத்துவரிடமிருந்து பெற வேண்டும். வழக்கமான கைது கூடாது என்று நெறிகளையும் வகுத்தது. காலி சிலிண்டருக்காக மருத்துவமனை உரிமையியல் வழியில் பொறுப்பாகலாம் என்றும் குறிப்பிட்டது.

மருத்துவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு தேவை. அதில் எனக்கு ஐயமில்லை. என் கவலை வேறு. சிலிண்டர் ஏன் காலியாக இருந்தது? அதைச் சோதிப்பது யார் வேலை? அன்று மாலை சோதித்தார்களா? பத்து ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பில் இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் நீதிமன்றத்தின் முன்னிருந்த கேள்வி மருத்துவர் குற்றவாளியா என்பது மட்டுமே. குற்றத்தின் வாசலை உயர்த்திக் கட்டிய சட்டம், உண்மைக்கு வேறொரு வாசல் திறக்கவில்லை.

நெறிகளிலேயே ஓர் இடர்ப்பாடும் உண்டு. மரணம் அரசு மருத்துவமனையில் நேர்ந்தால், கருத்துச் சொல்பவரும் அரசு மருத்துவர் என்றால், சார்பின்மை எங்கே நிற்கும்? ஒரே துறை, ஒரே சம்பளப் பட்டியல், நாளை ஒரே ஊருக்கு மாற்றல்.

6.2 பிரேத விசாரணையின் இடைவெளி

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆவது பிரிவு பிரேத விசாரணையைப் பேசுகிறது. தற்கொலை, கொலை, விபத்து, விலங்கோ இயந்திரமோ கொன்றது, அல்லது யாரோ குற்றம் செய்திருக்கலாம் என்ற நியாயமான ஐயம்: இவையே அதன் வாயில்கள். மருத்துவமனைப் படுக்கையில் நேர்ந்த மரணம் கடைசி வாயில் வழியாகத்தான் நுழைய முடியும். அதாவது குற்றம் என்ற ஐயத்தை யாராவது எழுப்ப வேண்டும். உறவினர்கள் சாலையில் உட்காருவது இதனால்தான்.

காவலில் ஒருவர் இறந்தால் நீதித்துறை நடுவரின் விசாரணை தானாகவே வருகிறது. காரணம் எளிது: அவர் முழுக்க அரசின் கையில் இருந்தார், நடந்ததை அறிந்தவர்கள் அரசின் ஆட்களே. மயக்க மருந்து கொடுத்து அறுவை மேசையில் கிடத்தப்பட்டவரும் முழுக்க மற்றவர் கையில்தான் இருக்கிறார். கதவுக்கு வெளியே சிவப்பு விளக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. இரண்டு இடங்களிலும் நோக்கம் வேறு. ஆனால் தகவல் முழுவதும் ஒரு தரப்பிடமே இருக்கிறது என்ற நிலை ஒன்றே.

6.3 மற்ற வழிகள்

உச்ச நீதிமன்றத்தின் 1995 நவம்பர் தீர்ப்பால் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்தது. எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை மட்டும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. பணம் கட்டியவருக்கு ஒரு வழி, கட்ட முடியாதவருக்கு நீண்ட வழி என்றாயிற்று. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக் காலக்கெடு உண்டு. நிரூபிக்கும் சுமையும் பெரும்பாலும் குடும்பத்தின் தோளில்.

மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், பதிவேடுகளை மூன்றாண்டு காக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும், புகார்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்கின்றன. நல்ல விதிகள். ஆனால் கவுன்சில் மருத்துவரின் நடத்தையை மட்டுமே பார்க்கும். காலி சிலிண்டரைப் பார்க்காது.

2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று சொன்னபோது, முதற்கட்ட விசாரணைக்கு இடமுள்ள வகைகளில் மருத்துவக் கவனக்குறைவையும் சேர்த்தது. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்குப் பொதுவாக ஐந்தாண்டு வரை சிறை என்றும், சிகிச்சையின்போது பதிவுபெற்ற மருத்துவரால் நேர்ந்தால் இரண்டாண்டு வரை என்றும் பிரிக்கிறது. எத்தனை ஆண்டு என்ற விவாதம் நாடெங்கும் நடந்தது. எப்படிக் கண்டறிவது என்ற விவாதம் நடக்கவில்லை.

6.4 மனித உரிமை ஆணையம்

1993ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆணையங்கள் தாமாகவே விசாரணையைத் தொடங்கலாம். ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் இது பயனுள்ள கருவி. எனினும் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் வர வேண்டும் என்ற வரம்பு இருக்கிறது; முதல் 48 மணி நேரச் சாட்சியத்தைக் காக்கும் கை ஆணையத்துக்கு இல்லை.

7. மறுப்புரையும் விடையும்

விசாரணை பெருகினால் மருத்துவர்கள் அஞ்சுவார்கள், சிக்கலான நோயாளியைத் தொடாமல் மேல் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது வலுவான மறுப்பு. அச்சத்துக்கு அடிப்படை உண்டு. மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாடு 2008இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

ஆனால் வன்முறை எங்கே முளைக்கிறது என்று பார்க்க வேண்டும். கேள்வி கேட்க இடமில்லாத இடத்தில், பதில் சொல்ல ஆளில்லாத இரவில் அது முளைக்கிறது. தண்டனையிலிருந்து உண்மையைப் பிரித்துவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி. தவறு செய்யாத மருத்துவரைச் சந்தேகத்தின் நிழலிலிருந்து விடுவிப்பதும் நல்ல விசாரணைதான். இருபது மணி நேரம் தொடர்ந்து பணியிலிருந்த பயிற்சி மருத்துவரைப் பலிகொடுத்துவிட்டு, அவரை அப்படி நிறுத்திய நிர்வாகம் தப்பிப்பதைத் தடுப்பதும் அதுவே.

8. முன்மாதிரிகள்

இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டு மரண விசாரணைச் சட்டத்தின்படி, இயற்கைக்கு மாறான மரணம் அல்லது காரணம் தெரியாத மரணம் என்றால் கொரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரி விசாரிப்பார். இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி என்பவையே கேள்விகள். யாருடைய குற்றப் பொறுப்பையோ உரிமையியல் பொறுப்பையோ தீர்மானிப்பதுபோல் முடிவை எழுதக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. மீண்டும் உயிர் போகும் ஆபத்து தெரிந்தால் கொரோனர் உரியவர்களுக்கு அறிக்கை அனுப்புவார். 56 நாளில் பதில் வர வேண்டும். ஸ்டாஃபர்ட் மருத்துவமனைச் சீர்கேடுகள் பற்றி ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013இல் தந்த அறிக்கைக்குப் பிறகு, தீங்கு நேர்ந்தால் நோயாளியிடமோ குடும்பத்திடமோ மறைக்காமல் சொல்வதே சட்டக் கடமையாயிற்று.

கொரோனர் இந்தியாவுக்குப் புதியவர் இல்லை. கல்கத்தாவிலும் பம்பாயிலும் அப்பதவி சுதந்திரத்துக்குப் பிறகும் இருந்தது. இலங்கைத் தமிழருக்குத் திடீர் மரண விசாரணை அதிகாரி என்பது அன்றாடச் சொல். இலங்கை அரசியலமைப்பில் உயிர் வாழும் உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை. இருந்தும் அது உட்கிடையாக இருக்கிறது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2003இல் ஏற்றது.

நமக்கு மிக அருகில் உள்ள முன்மாதிரி தாய்மரணத் தணிக்கை. பிரசவத்தில் தாய் இறந்தால், புகாருக்குக் காத்திராமல் ஆய்வு தொடங்குகிறது. மருத்துவமனைப் பதிவேடுகளைப் பார்க்கிறார்கள். வீட்டுக்கே போய், எப்போது வலி வந்தது, வண்டி எப்போது கிடைத்தது, எங்கே காக்க வைத்தார்கள் என்று கேட்கிறார்கள். மாவட்ட ஆட்சியரின் ஆய்வுக்குக் குடும்பத்தினரையும் அழைக்க வழிமுறை இருக்கிறது. பழி சுமத்துவது நோக்கமில்லை. எந்த இடத்தில் தாமதம் என்று கண்டு அடைப்பதே நோக்கம். தமிழ்நாடு இதை இந்தியாவின் பெரும்பகுதிக்கு முன்பே கையிலெடுத்தது. இதன் குறை, கண்டறிந்தது குடும்பத்துக்கு முழுமையாகத் திரும்பி வராதது. அதைச் சரிசெய்து மற்ற மரணங்களுக்கும் விரித்தால் பாதி வழி கடந்துவிட்டோம்.

9. பரிந்துரைகள்

ஒன்று: எதிர்பாராத மருத்துவமனை மரணங்களின் பட்டியலைச் சட்டத்தில் வரையறுக்க வேண்டும். அறுவை மேசையில் மரணம், மயக்க மருந்தின்போது மரணம், ரத்தம் ஏற்றியபோது மரணம், பிரசவ மரணம், அவசரச் சிகிச்சை மறுக்கப்பட்டபின் மரணம் ஆகியவை தாமாகவே அறிவிக்கப்பட வேண்டும்.

இரண்டு: மாவட்டந்தோறும் சுகாதாரத் துறைக்கு வெளியே ஒரு மரண விசாரணை அலுவலகம் வேண்டும். நீதித்துறைப் பின்புலம் உள்ளவரும், வேறு மாவட்டத்திலிருந்து வரும் மருத்துவ நிபுணர்களும் அதில் இருக்கலாம்.

மூன்று: அறிவிப்பு வந்த நேரத்திலேயே கேஸ் ஷீட், மானிட்டர் பதிவு, கண்காணிப்புக் கேமராப் பதிவு, மீந்த மருந்து ஆகியவற்றை முத்திரையிட்டு எடுக்க வேண்டும். அத்தகைய மரணங்களில் கழிவு விதிக்கு விலக்குத் தர வேண்டும்.

நான்கு: குடும்பத்துக்குக் கேஸ் ஷீட் நகலை அன்றே இலவசமாகத் தருவதுடன், உதவிக்கு ஒரு சட்டப்பணி வழக்கறிஞரும் வேண்டும்.

ஐந்து: காலவரம்புக்குள் அறிக்கை தமிழில் குடும்பத்திடம் சேர வேண்டும், பெயர்களை நீக்கிய வடிவம் பொதுவில் வர வேண்டும். திருத்தப் பரிந்துரைக்கு மருத்துவமனை பதில் சொல்லக் கெடு வேண்டும்.

ஆறு: அந்த அறிக்கை யாரையும் குற்றவாளி என்று தீர்மானிக்கக் கூடாது. குற்றத்துக்கான ஆதாரம் தெரிந்தால் உரிய அமைப்புக்கு அனுப்பினால் போதும்.

முடிவுரை

இத்தாலியின் குழந்தை முதல் லூதியானாவின் முதியவர் வரை இங்கே பேசப்பட்டவர்களின் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே கேள்வியைச் சுமந்தன. சில நீதிமன்றங்களில் வென்றன, சிலவற்றில் தோற்றன. வென்றவர்களுக்கும் இறந்தவர் திரும்பவில்லை. ஆயினும் அந்தக் கேள்வி வீண்போகவில்லை. விசாரிப்பது அரசின் தனிக் கடமை என்ற சட்டம் அதிலிருந்துதான் பிறந்தது.

லூதியானாவில் அந்த இரவு மகன் பக்கத்து அறைக்கு ஓடினார். தந்தைக்கான ஆக்சிஜனைத் தேடும் வேலை அவர் மேல் விழுந்திருக்கக் கூடாது. தந்தை இறந்த பிறகு உண்மையைத் தேடும் வேலையும் அந்தக் குடும்பத்தின் மேலேயே விழுந்தது. இரண்டும் மற்றவர்கள் செய்திருக்க வேண்டியவை. மரணம் நேர்ந்த அன்றே ஒருவர் வந்து பதிவேடுகளை முத்திரையிட்டு, 'என்ன நடந்தது என்று கண்டறிந்து இந்தத் தேதிக்குள் உங்களிடம் சொல்வது என் பொறுப்பு' என்று கையெழுத்திட்டுக் கொடுக்கும் நாளில், மருத்துவமனை வாசலில் எந்தக் குடும்பமும் உடலை வாங்க மறுக்காது. வாங்கிச் சென்று, ஊரார் சூழ, அழுது அடக்கம் செய்யும். துக்கத்துக்கு அதுதான் உரிய இடம்.